நெய்வேலி கரண்டுக்கும் பாஸ்வேர்டு திருட்டுக்கும் ஒரே வயசு, தெரியுமா?

கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு வந்த ஆண்டு எது தெரியுமா? 1961! அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்த ஒரு வழி தேவைப்பட்டது. ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். அதே 1961 ஆகஸ்டில்தான், நெய்வேலி முதல் சுரங்கத்தில் மண்ணை அள்ளிக்கொண்டே போனவர்களின் கண்ணில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாகப் பட்டது!

இன்னும் கேளுங்கள். 1962-ல் நெய்வேலியில் மின் உற்பத்தி தொடங்கியது. அதே 1962-ல் எம்.ஐ.டி.யில் பாஸ்வேர்டு திருட்டும் தொடங்கிவிட்டது! செய்தவர் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர். கம்ப்யூட்டரில் அவருக்கு ஒதுக்கப்பட்டது வாரத்துக்கு 4 மணி நேரம், அது போதவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை அச்சடிக்கச் சொல்லி ஒரு துளை அட்டையைக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை வந்து பார்த்தால் காகிதம் தயார்! எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை. கேட்டார், கிடைத்தது. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 2020-ல் முழுவதுமாக மூடப்பட்டுவிட்டது. கேட்டு வாங்கும் இந்தத் திருட்டு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது அது ஆசிரியர்களிடம் எப்படி வருகிறது தெரியுமா? "டீச்சர், ஒரு 6 இலக்க நம்பர் தவறி உங்க போனுக்கு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே வாட்ஸ்அப் வரும். அந்த எண்தான் உங்கள் வாட்ஸ்அப்பின் சாவி! சொன்ன நிமிடமே உங்கள் கணக்கு திருடன் கையில். வகுப்பு குரூப்பில் இருக்கும் அத்தனை பெற்றோருக்கும் உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, "அவசரமா 5,000 ரூபாய் வேணும், சாயங்காலம் தந்துடறேன்" என்று செய்தி போகும். டீச்சர் கேட்கிறாரே என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு ஆசிரியரின் மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் அவன் திருடுகிறான். எனக்கு அதுதான் பணத்தைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

இதற்கு மாற்று 2 நிமிட வேலை! வாட்ஸ்அப் செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். அங்கே நீங்களே ஒரு 6 இலக்க பின் வைத்துவிட்டால், எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த எண் கிடைத்தாலும் அவன் உள்ளே வர முடியாது. வைக்காமல் விட்டு, திருடன் முந்திக்கொண்டு அவன் பின்னை வைத்துவிட்டால்? எஸ்.எம்.எஸ். எண்ணைப் போட்டு அவனை வெளியேற்றலாம்; ஆனால் நீங்கள் உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும்!

"கல்வித் துறையிலிருந்து பேசறோம், பையனுக்கு உதவித்தொகை வந்திருக்கு, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்கிறார்களா? யுபிஐயில் பணம் வாங்க பின்னே தேவையில்லை. இதை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை தெரிந்துகொண்டால் வீடே தப்பிக்கும்.

நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் வேலை, அப்ரண்டிஸ் என்றால் நம் ஊரில் எந்த வீட்டுக் காதும் நிமிரும். மோசடிக்காரனுக்கும் அது தெரியும். அறிவிப்புகள் வெளிவருவது நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில். ஜிமெயில் முகவரியிலிருந்து பணி ஆணையும், "டெபாசிட்" கட்டச் சொல்லி யாரோ ஒருவரின் கணக்கு எண்ணும் வந்தால், அது பொய்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுவிட்டு வருகிறீர்களே, டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்ததுண்டா? முன்னால் வந்தவரின் ஆதார், சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட் எல்லாம் வரிசையாகக் கிடக்கும்! உங்களுடையதும் அப்படித்தான் கிடக்கப்போகிறது. எழுந்திருக்கும் முன் அழியுங்கள், குப்பைத் தொட்டி வரை காலி செய்யுங்கள், வாட்ஸ்அப் வெப்பை லாக் அவுட் செய்யுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரை அரசே தருகிறது, தெரியுமா? உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

மாணவ மாணவியருக்கு ஒன்று. உங்கள் அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் படத்தை யாரிடமும் காட்டாமலே தடுக்க முடியும்! 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை 2023 முதல் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு நகராது. அதிலிருந்து உருவாகும் ஓர் எண் அடையாளம் மட்டும் போகும். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், இரவானாலும் எடுப்பார்கள். தவறு உங்களுடையது இல்லை, கண்ணு.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்! திருடன் பணத்தைக் கணக்கு மாற்றி எடுத்துவிடும் முன் சொன்னால், வங்கிகள் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஆசிரியர்களே, நாளை காலை கரும்பலகையின் ஓரத்தில் 1930, 1098 என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள். இந்த ஆண்டு முழுக்க அழிக்காமல் வையுங்கள்.