பழைய ஸ்பீக்கர் வாங்குகிறீர்களா? ரசீதையும் கேட்டு வாங்குங்கள்

படிக்கும் அறைக்கோ மாடி அறைக்கோ இன்னொரு ஸ்டீரியோ வேண்டுமென்றால், நல்ல பழைய ஸ்பீக்கர் ஜோடியே போதும். எல்லோரும் தேடும் பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள். ஜேபிஎல், போஸ் என்றாலே விற்பவர் விலையை ஏற்றிவிடுவார். கொல்கத்தாவில் தயாரான சோனோடைன், ஒரு காலத்தில் நம்மூரில் பேர்பெற்ற காஸ்மிக், பழைய பிலிப்ஸ் ஆகியவற்றை இன்று அதிகம் பேர் கேட்பதில்லை. எப்போதாவது கண்ணில் படும் வார்ஃப்டேலும் அப்படித்தான். நியாயமான விலைக்கு இவைதான் படியும். பெட்டியின் மேல் "1000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று எழுதியிருந்தால் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். அது ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு.

முதலில் முன்பக்கத் துணியைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடலாம். வூஃபரின் கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோம் என்றால் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. வெயிலும் கடலோர ஈரக்காற்றும் ஃபோமை அரித்துவிடும். ரப்பர், துணி விளிம்புகள் பல ஆண்டுகள் தாங்கும். அடுத்து, கோனின் நடுப்பகுதியைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் 8 ஓம் பெட்டி பெரும்பாலும் 6 ஓம் அளவில் காட்டும். ஆனால் ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்பது அதில் தெரியாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் மீட்டரின் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். பாட்டு ஓடும்போது ஒவ்வொரு ட்வீட்டரின் அருகிலும் காதை வைத்தே கேட்க வேண்டும்.

ஒரு பெட்டியில் பழைய வூஃபரும் மற்றதில் யாரோ மாற்றிய மலிவான வூஃபரும் இருப்பது சாதாரணமாக நடப்பது. மாற்றியதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதில் உங்கள் பக்கம் நிற்கிறது. பழையதையோ புதுப்பித்ததையோ புதிது என்று சொல்லி விற்பதும், இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்வதும், ரசீது தர மறுப்பதும் அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் கெடு குறிக்கப்படாவிட்டால், 30 நாட்களுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் சேரும். "பழசுக்குக் கேரண்டி கிடையாது சார்" என்று சொல்லிவிட்டதால் மட்டும் கடைக்காரர் பொய்யிலிருந்து தப்ப முடியாது. அதே சமயம், முன்பே சொல்லி விற்ற குறையைக் காட்டி நீங்கள் பின்னால் சண்டை போடவும் முடியாது.

ஆகவே ரசீதில் "ஸ்பீக்கர் – 2" என்று மட்டும் எழுத விடாதீர்கள். மாடல் பெயர், வரிசை எண், "இரண்டு வூஃபரும் ஒரிஜினல்" அல்லது "ஒரு வூஃபர் மாற்றியது" என்ற வாசகம், கடையின் முத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். வழக்கென்று வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

ஏமாந்துவிட்டால் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கடைக்காரர் அல்லாமல் தன் வீட்டுப் பொருளை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. அங்கே பொருந்துவது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்பது அதன் பொது விதி. சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் அதை நிலைநாட்ட சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். அதனால் விற்பவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் படங்களையும் அழிக்காதீர்கள்.

"டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டேன், முன்பணம் போடுங்கள், பார்சலில் அனுப்புகிறேன்" என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.