ஷிப்ட் முடிஞ்சு வந்தா ரூம் அனலா கொதிக்குதா? தாத்தா வீட்டு 'மெட்ராஸ் டெரஸ்' டெக்னிக் இதுதான்!

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களிடம் மே மாசத்தில் பேசிப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கும் ஃபேனில் அனல்காத்துதான் வரும். ஃபேன் மேல தப்பில்லை பாஸ், அதுக்கு மேலே இருக்கும் கான்கிரீட்தான் காரணம். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும்.

கம்பியும் சிமென்ட்டும் பரவலாகும் முன்பு, நம்ம பக்கத்து மாடி வீடுகளுக்கு 'மெட்ராஸ் டெரஸ்'தான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்குக் கட்டைகள் தெரியுமே, அதேதான்.

கட்டைகளுக்கு மேல் சின்னச் சின்ன செங்கற்களைப் படுக்க வைக்காமல், செங்குத்தாக நிறுத்தி, குறுக்குவாட்டில் சுண்ணாம்புக் கலவை வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்தால், ஒவ்வொரு கல்லையும் முந்தைய வரிசை பிடித்துக்கொள்ளும். கீழே சென்ட்ரிங் பலகையே வேண்டாம்! அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். இந்த அடிதான் முக்கியம். விரிசல் அடைபட்டு இறுகும். கடைசியாகத் தட்டோடு.

செங்கல்லும் சுண்ணாம்பும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அந்த வீடுகளில் கூரையும் உயரம். நடுவில் முற்றம் இருந்தால் சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடும்.

குறையே இல்லையா? இருக்கு. கட்டையின் நீளம்தான் அறையின் அகலம். தண்ணீர் கசிந்தால் மரம் உளுத்துப்போகும், கரையானும் வரும். ஒழுகுதே என்று மேலே சிமென்ட் பூசுவதுதான் பெரிய ஆபத்து. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, கட்டையின் முனை வெளியே தெரியாமல் அழுகும். பிறகு, 'இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார்' என்பார் கான்ட்ராக்டர். ஊரில் அப்படி வீடு இருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியை முதலில் கூப்பிடுங்கள்.

இந்த டெக்னிக்கின் மிச்சம் இன்னும் உயிரோடுதான் இருக்கு. கான்கிரீட் மாடிக்கு மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு போடுவதை 'சுர்க்கி' என்பார்கள். வாடகை ரூம் கட்டும்போது செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது இதில்தான். அடுத்த தடவை ரூம் பார்க்கப் போனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்க. சுர்க்கி இல்லைன்னா, வெள்ளை கூலிங் பெயின்ட்டாவது அடிச்சுத் தரச் சொல்லி ஹவுஸ் ஓனர்கிட்ட கேளுங்க.