ஓடுபாதை ஒன்று, வேகம் இரண்டு

ரப்பர்த் தோட்டத்தின் ஊடே செல்லும் குறுகிய செம்மண் சாலையை நினைத்துப் பாருங்கள். முன்னால் லாரி மெதுவாகச் சென்றால், பின்னால் வரும் கார் வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் நின்றுவிடலாம். வானில் பறக்கும் பயணிகள் விமானமோ நிற்க முடியாது. ஆகவே, ஒரே ஓடுபாதையை நோக்கி வரும் விமானங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்த வேண்டும். இதுவே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பணி.

ஈப்போவில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். சிலாங்கூரின் சுபாங் விமான நிலையத்திலும் அப்படியே. சிப்பாங்கில் புதிய விமான நிலையம் 1998இல் திறக்கப்பட்ட பின், சுபாங்கின் பயணிகள் சேவை பல ஆண்டுகள் டர்போபிராப் விமானங்களையே நம்பியிருந்தது. 2024 ஆகஸ்டில் ஜெட் பயணிகள் விமானங்கள் அங்கு மீண்டும் வரத் தொடங்கின. வேகம் வேறுபட்ட இருவகை விமானங்கள் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்ளும் நிலை உருவானது.

டர்போபிராப் விமானத்தின் இயந்திரம் பெரிய விசிறியைச் சுழற்றி முன்னேறுகிறது. ஏ.டி.ஆர். 72 இவ்வகையைச் சேர்ந்தது. அது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். போயிங் 737 போன்ற ஜெட் விமானமோ 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறக்கும். தரையிறங்கும்போதும் இவ்வேறுபாடு நீடிக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஓடுபாதைக்கு 20 கிலோமீட்டர் தொலைவில் டர்போபிராப் விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அது தரையைத் தொட 6 நிமிடங்கள் ஆகும். பின்னால் ஜெட் விமானம் 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதே 6 நிமிடங்களில் 25 கிலோமீட்டர் கடந்துவிடும். அதாவது, இடைவெளி 5 கிலோமீட்டர் குறையும். ரேடார் வசதியுள்ள பல விமான நிலையங்களில் இரு விமானங்களுக்கு இடையே குறைந்தது 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர், இருக்க வேண்டும். எனவே, தொடக்கத்திலேயே ஜெட் 10.5 கிலோமீட்டர் பின்னால் இருந்தால்தான் பாதுகாப்பு.

ஜெட் முன்னால் சென்றால் இடைவெளி தானாகவே விரியும். இது பாதுகாப்பானதே. ஆனால், ஓடுபாதை வெறுமையாக இருக்கும் நேரம் கூடும். பின்னால் வருவோர் காத்திருக்க நேரிடும். அந்த நேரத்தில் புறப்படக் காத்திருக்கும் விமானம் ஒன்றைக் கட்டுப்பாட்டாளர் அனுப்பிவிடலாம்.

பொதுவாக, முதலில் வரும் விமானத்திற்கே முதலிடம். பெரியது, சிறியது என்ற பாகுபாடு இல்லை. ஆனால், ஆபத்தில் இருக்கும் விமானத்திற்கும் நோயாளியை ஏற்றிவரும் விமானத்திற்கும் முன்னுரிமை உண்டு. வரிசையைச் சீராக்க, கட்டுப்பாட்டாளர் ஜெட்டின் வேகத்தை முன்னதாகவே குறைக்கச் சொல்வார். சற்றுச் சுற்றி வரச் செய்வார். அல்லது குறிப்பிட்ட உயரத்தில் வட்டமிட வைப்பார். டர்போபிராப் விமானம் விரைவில் வேகத்தைத் தணிக்கக்கூடியது. ஆதலால், ஓடுபாதையை நெருங்கும்வரை வேகமாக வரும்படி அதனிடம் கேட்பதும் உண்டு.

எடையும் கவனத்திற்குரியது. பறக்கும் விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து காற்றுச் சுழல்கள் எழும். 136 டன் அல்லது அதற்கு மேற்பட்ட எடையுள்ள விமானத்தின் சுழல், பின்னால் வரும் சிறிய விமானத்தைப் புரட்டிவிடக்கூடும். அதனால் அங்கு கூடுதல் இடைவெளி தேவை. ஏ.டி.ஆர். 72, போயிங் 737 இரண்டுமே நடுத்தர எடைப் பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே, இவற்றிடையே முதன்மைச் சிக்கல் வேகமே.

இவ்வளவு திட்டமிட்டும் இடைவெளி குறைந்துவிட்டால், பின்னால் வரும் விமானம் தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்பி, வரிசையில் புதிய இடம் பெறும். பயணிகளுக்குச் சில நிமிடங்கள் தாமதமாகலாம். ஆனால், அந்தச் சில நிமிடங்களே இரு விமானங்களில் உள்ள அனைவரின் உயிரையும் காக்கின்றன.