400 மெகாஹெர்ட்ஸும் ரெண்டு வாரத் தூக்கமும்

"ப்ராசசரை ஓவர்க்ளாக் பண்ணலாமா ப்ரோ?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பண்ணலாம். நானும் பண்ணேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் டெஸ்க்டாப்ல ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் ப்ராஜெக்ட் கம்பைல் ஆக 20 நிமிஷம் எடுக்கும். 4.6 கிகாஹெர்ட்ஸ்ல ஓடின ப்ராசசரை பயாஸ்ல போய் 5-க்கு ஏத்தினேன். அதுக்காக வோல்டேஜை 1.2-லிருந்து 1.35 ஆக்கினேன். ராத்திரி ஏசி போட்டு ரெண்டு மணி நேரம் டெஸ்ட் பண்ணேன், பாஸ். ஒன்றரை நிமிஷம் மிச்சம், செம சந்தோஷம்.

அடுத்த வாரத்துல இருந்து கம்பைலர் க்ராஷ் ஆக ஆரம்பிச்சுது. மறுபடி ஓட்டினா வேற ஃபைல்ல க்ராஷ். சில நேரம் எல்லாம் ஒழுங்கா முடியும், ஆனா ஒரே ஒரு யூனிட் டெஸ்ட் தப்பான விடை சொல்லும். டீம்ல ஒருத்தரோட கமிட்தான் காரணம்னு நானே அடிச்சுச் சொல்லி, அவரை ரிவர்ட் பண்ண வெச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு அதே கோடை ஆபீஸ் மெஷின்ல ஓட்டினா, சுத்தமா ஓடுது. அப்புறம்தான் லாக்ல நேரத்தைப் பார்த்தேன். க்ராஷ் எல்லாமே மத்தியானம். ஏப்ரல் மாசம், சென்னை, ஏசி போடாத ரூம்.

சரி, உள்ளே என்ன நடந்துச்சு? தெருக்குழாய்ல குடம் பிடிக்கிறதை நினைச்சுக்கோங்க. ட்ரான்சிஸ்டர் ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் குடம். நிறைஞ்சா 1, காலியா இருந்தா 0. க்ளாக் ஒரு விசில். விசில் அடிக்கிறதுக்குள்ள குடம் நிறையணும். ஓவர்க்ளாக்னா விசிலை வேகமா அடிக்கிறது. அப்போ குடமும் சீக்கிரம் நிறையணும், அதுக்குத் தண்ணி ப்ரெஷரை ஏத்தணும். அந்த ப்ரெஷர்தான் வோல்டேஜ். பத்தலைன்னா அரைக்குடத்தை 1-ன்னும் படிக்கலாம், 0-ன்னும் படிக்கலாம். என் யூனிட் டெஸ்ட்டுக்கு நடந்தது அதுதான்.

சிக்கல் எங்கேன்னா, சிப் மாறி மாறி ஸ்விட்ச் ஆகும்போது செலவாகுற பவர், அதிர்வெண்ணோட நேரடியா ஏறும். வோல்டேஜோட வர்க்கமா ஏறும். என் கணக்கையே போடுவோம். வேகம் 8.7 சதவீதம் கூடுச்சு. வோல்டேஜ் 12.5 சதவீதம் கூடுச்சு, வர்க்கம் பண்ணா 26.6. ரெண்டையும் பெருக்கினா பவர் கிட்டத்தட்ட 38 சதவீதம் அதிகம்! கசிவு மின்சாரத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. அது சூடு ஏற ஏறக் கூடும். சூடான ட்ரான்சிஸ்டர் இந்த வோல்டேஜ்ல கொஞ்சம் மந்தமாவும் ஆகும். கூலர் எவ்வளவு விலைன்னாலும், ஃபேனும் ரேடியேட்டரும் ரூம் காத்துலதான் சூட்டை இறக்கி வைக்கும். ரூம் 10 டிகிரி ஏறினா, சிப்பும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். ராத்திரி பாஸ் ஆனது மத்தியானம் ஃபெயில் ஆனது இதனாலதான்.

"எங்க அண்ணன் காலத்துல எல்லாம் சும்மா ஏத்துவாங்களே"ன்னு கேட்கலாம். உண்மைதான். 1998-ல வந்த இன்டெல் செலரான் 300ஏ 300 மெகாஹெர்ட்ஸ் சிப். பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாத்தினா 450-ல ஓடும். பல சிப்புக்கு வோல்டேஜைத் தொடவே வேண்டாம். அந்தக் காலம் 2004 வாக்கிலேயே முடிய ஆரம்பிச்சாச்சு. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும்னு சொன்ன இன்டெல், அந்த வருஷமே அதைக் கைவிட்டுச்சு. ட்ரான்சிஸ்டர் சின்னதாக ஆக, வோல்டேஜ் அதே அளவுக்கு இறங்கலை.

இப்போ வர்ற சிப்புகள்ல டர்போங்கிற பேர்ல கம்பெனியே கிட்டத்தட்ட மிச்சம் வைக்காம ஏத்திடுறாங்க. அதிலயும் ஆபத்து உண்டு. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகள்ல சில க்ராஷ் ஆகிட்டே இருந்துச்சு. தேவைக்கு மேல வோல்டேஜ் போனதுதான் முக்கியக் காரணம்னு 2024-ல இன்டெலே ஒத்துக்கிட்டு, 1.55 வோல்ட்டுக்கு மேல கேட்கக் கூடாதுன்னு மைக்ரோகோட் அப்டேட் விட்டாங்க. ஆனா ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்த அப்டேட்டும் சரி பண்ணாது. உங்ககிட்ட அந்தத் தலைமுறை சிப் இருந்தா, இந்த எபிசோடை பாஸ் பண்ணிட்டு முதல்ல பயாஸை அப்டேட் பண்ணுங்க.

என்னைக் கேட்டா, இன்னைக்கு உருப்படியான விளையாட்டு அண்டர்வோல்ட்தான். வேகத்தைத் தொடாம வோல்டேஜை மட்டும் துளித்துளியா இறக்குறது. ஒரே மாடல்னாலும் ஒவ்வொரு சிப்பும் வேற மாதிரி, அதனால நண்பன் சிப் தாங்கின எண் உங்களுக்குச் செட் ஆகணும்னு இல்லை. ஒவ்வொரு படிக்கும் ப்ரைம்95 மாதிரி ஒண்ணை ஓட்டுங்க. மறக்காம மத்தியானத்துல ஓட்டுங்க, ஏசி இல்லாம.

என் மெஷின் இப்போ 4.6-லயே, 1.12 வோல்ட்ல ஓடுது. பவர் கணக்குப்படி 13 சதவீதம் குறைவு. கம்பைல் பழையபடி 20 நிமிஷம். அந்த கமிட்டைத் திரும்பப் போட்டாச்சு, அவர்கிட்ட சாரியும் சொல்லியாச்சு. இன்னும் பிரியாணி பாக்கி இருக்கு.