சாப்பிட்டதும் ஏன் நடக்க வேண்டும்?

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. பலரும் பதறிப்போய்ச் சோற்றையே விட்டுவிடுகிறார்கள். பாதித் தட்டைக் காயும் கீரையும் நிரப்பினால் சோறு தானாகக் குறையும்; நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தையும் தணிக்கும். அதோடு நடையும் வேண்டும்.

ஏன்? குளுக்கோஸ் தசைக்குள் நுழைய ஒரு வாசல் தேவை. குளூட்-4 என்ற புரதம்தான் அது. சும்மா இருக்கும்போது செல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். இன்சுலின் கூப்பிட்டால் மேற்பரப்புக்கு வரும். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களின் தசைக்கு அந்தக் குரல் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் கூப்பிடாமலேயே வாசல் திறக்கிறது! உடம்பு நமக்காக வைத்திருக்கும் இந்த இரண்டாவது வழி எனக்கு இன்றும் வியப்புதான். உண்டபின் பதினைந்து நிமிட நடை சர்க்கரையின் ஏற்றத்தைக் குறைப்பது இதனால்தான்.

சென்னை மருத்துவர்கள் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் நடையும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. அவற்றோடு மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.