பாட்டு மிஞ்சியது, பெயர் தொலைந்தது

ஊர்காவற்றுறை, நயினாதீவுக் கல்யாண வீடுகளில் ‘சின்ன மாமியே’ ஒலித்தால் இன்றும் பெரியவர்கள் கைதட்டுவார்கள். பலர் அதை நாட்டுப்பாடல் என்றே நினைக்கிறார்கள். எழுதிப் பாடியவர் யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம்.

கிற்றார், பைலா தாளம், எங்கள் பேச்சுத்தமிழ்: இவை சேர்ந்ததே 1970களின் ஈழத்துப் பொப்பிசை. இலங்கை வானொலி அதை வீடுவீடாகக் கொண்டுசென்றது. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமானபோது, ‘சுராங்கனி’ புகழ் ஏ.ஈ.மனோகரன் அதில் நடித்தார்.

நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். இடம்பெயர்வுகளில் வீடுகளோடு இசைத்தட்டுகளும் போயின. பாடல்கள் வாய்வழியாகத் தப்பின. பாடியவர்களின் பெயர்கள் தப்பவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டோடு அந்தப் பெயர்களையும் சொல்லிக்கொடுப்போம்.