பலகையில் பச்சை, பாயின்ட் வேறு பக்கம்

2023 பிப்ரவரி 8, மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மைசூரு ரயில்வே கோட்டத்தில் பீரூர் – சிக்கஜாஜூர் பாதையில் இருக்கும் ஹொசதுர்கா ரோடு நிலையத்திலிருந்து சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. ஸ்டேஷன் மாஸ்டரின் பலகையில் பாதை சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் வெளியே தண்டவாளத்தில், வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட், பக்கத்து லைனுக்குத் திரும்பிக் கிடந்தது. எதிரே சரக்கு ரயில் வரவேண்டிய லைன் அது. லோகோ பைலட் பார்த்தார், வண்டியை நிறுத்தினார். யாருக்கும் சிறு கீறல்கூட இல்லை. அதனால் அது செய்தியாகவும் ஆகவில்லை.

மறுநாள் தென்மேற்கு ரயில்வேயின் முதன்மைத் தலைமை இயக்க மேலாளர் ஒரு கடிதம் எழுதினார். வண்டி கிளம்பிய பிறகு பாதை மாறுகிறதென்றால் சிக்னல் அமைப்பின் அடிப்படையிலேயே கோளாறு இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே பஹாநகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பச்சை சிக்னலை நம்பி லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் வயரிங்கில் செய்த வேலையில் நேர்ந்த தவறுகள்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஹொசதுர்கா ரோடு கடிதத்தை நாடே தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

எந்தக் கொள்கை இந்த இரண்டு இடத்திலும் உடைந்தது? அதற்குப் பெயர் இன்டர்லாக்கிங். பாயின்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் விழ வேண்டும். சிக்னல் விழுந்த பிறகு பாயின்டை யாராலும் அசைக்க முடியக்கூடாது. 1856இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி இதற்குக் காப்புரிமை வாங்கினார். அன்று இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் செய்த வேலையை, பிறகு ரிலேக்கள் செய்தன, இன்று கணினி செய்கிறது. கருவி மாறினாலும் கணக்கு ஒன்றுதான்: ஒரே ஆளின் ஞாபகத்தை நம்பி வண்டியை விடாதே.

ஒற்றைப் பாதைகளில் இதையே ஓர் இரும்புப் பந்து செய்தது. இரண்டு நிலையங்களிலும் நீல்ஸ் டோக்கன் கருவி இருக்கும், இரண்டுக்கும் மின் இணைப்பு உண்டு. ஒன்றிலிருந்து பந்தை எடுத்துவிட்டால் மற்றதிலிருந்து எடுக்க முடியாது. அந்தப் பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த நிலையத்துக்குக் கிளம்பக்கூடாது. பந்தை ஒரு பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியிலிருந்து ஃபயர்மேன் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். முழங்கையில் விழும் அடிக்குப் பழகாத ஃபயர்மேன் கிடையாது.

இப்படி வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் மைசூருவுக்கு எப்படி வந்து சேர்ந்தன? பெங்களூரு – மைசூரு மீட்டர்கேஜ் பாதை 1882இல் முழுமையாகத் திறந்தது. மைசூரு சமஸ்தானத்தின் ரயில் 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் சேர்ந்தது. 2003இல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மேற்கு ரயில்வே தனியாகப் பிரியும் வரை, அரை நூற்றாண்டுக்கு மைசூருவின் தலைமை அலுவலகம் சென்னைதான். இடமாற்றத்தில் இங்கே வந்து, அசோகபுரம் ஒர்க்‌ஷாப்பிலோ லைனிலோ வேலை பார்த்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தாத்தா நீராவி, அப்பா டீசல், பிள்ளை மின்சாரம் என்று மூன்று தலைமுறையை ஒரே வீட்டில் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். லைனில் ஏதோ அடைத்துக் கிடக்கிறது, வண்டி வரப்போகிறது, எவ்வளவு தூரத்தில் எச்சரிக்கைப் பட்டாசு வைப்பீர்கள்? மீட்டர்கேஜில் வேலை பார்த்த தாத்தா 400 மீட்டரில் ஒன்று, 800இல் மூன்று என்பார். பேரன் 600இல் ஒன்று, 1,200இல் மூன்று என்பான். இருவர் சொல்வதும் சரி. 1990களில் மைசூரு பாதை அகலப்பாதையானபோது வேகம் கூடியது, விதியின் தூரமும் நீண்டது. வேகம் இரட்டித்தால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 110 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 30 மீட்டர். ஒவ்வொரு நொடியும் அரை மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் நிற்க 900 மீட்டருக்கு மேல் ஆகும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அதிக உராய்வில்லாமல் உருண்டு போவதால்தான் ரயில் சிக்கனமான வண்டி. அதே காரணத்தால்தான் அதை நிறுத்துவதும் கடினம். தண்டவாளத்தில் கட்டிய பட்டாசு சக்கரத்தில் நசுங்கி வெடிக்கும். ஒரு சத்தம் காதுக்குத் தப்பலாம், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடித்தால் தப்பாது.

கேட்மேன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொரு சங்கதி பிரைவேட் நம்பர். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்டை மூடச் சொல்கிறார். “மூடிட்டேன் சார்” என்றால் போதாது. கேட்மேன் தன் தாளைப் பார்த்து ஓர் இரண்டு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும். எண்கள் வரிசையில்லாமல் கலைந்திருப்பதால் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே எழுதிவைக்க வழியில்லை. வங்கி ஓடிபி அனுப்பத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு தாளும் பென்சிலும் வைத்து அதே வேலையை ரயில்வே செய்துகொண்டிருந்தது.

இந்தப் பழக்கங்கள் காலனி வீடுகளில் சாப்பாட்டுப் பேச்சாகவே பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தன. அதைப் பார்த்தோ என்னவோ, வேலையையே வாரிசுக்குக் கொடுக்கும் ஒரு திட்டமும் வந்தது. வயதானால் பார்வையும் சுறுசுறுப்பும் குறையும் என்று 2004இல் ஓட்டுநர்களுக்கும் கேங்மேன்களுக்கும் ஒரு வாய்ப்பு தரப்பட்டது: முன்னதாக ஓய்வு பெற்றால், தகுதித் தேர்வில் தேறும் பிள்ளைக்கு வேலை. 2010இல் மற்றப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கும் அது விரிந்தது. அரசு வேலை பரம்பரைச் சொத்தா என்று 2016இல் பஞ்சாப் – ஹரியாணா உயர் நீதிமன்றம் கேட்டது. 2018இல் ரயில்வே திட்டத்தைக் கைவிட்டது. நீதிமன்றம் கேட்டது நியாயம்தான். வெளியே நின்று வேலைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் சம வாய்ப்பு வேண்டும். ஆனால் அந்த வீட்டுப் பேச்சு கொடுத்த பயிற்சியை இப்போது பயிற்சிப் பள்ளிகள்தான் கொடுத்தாக வேண்டும், அதற்கு அவகாசமும் ஆளும் வேண்டும்.

சிக்னலைக் கண்டதும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சடங்குபோல இருக்கும். ஜப்பானில் விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டும் சொல்வார்கள். 1994இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துப் பார்த்தபோது, சுட்டிச் சொல்பவர்களின் தவறு நூற்றுக்கு 2.38இலிருந்து 0.38ஆகக் குறைந்தது. கண் தானாகப் பார்த்துவிட்டுப் போவதை, கையும் வாயும் பிடித்து நிறுத்துகின்றன.

இனி எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் கவரைப்பேட்டையைக் கொஞ்சம் நினைக்கலாம். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூருவிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை விழுந்திருந்தது. வண்டி மணிக்குச் சுமார் 75 கி.மீ. வேகத்தில் லூப் லைனில் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. உயிர் போகவில்லை. பாயின்டின் பாகங்களை யாரோ கழற்றியிருந்தார்கள் என்றது ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. சிவப்பைத் தாண்டப் போனால் தானே பிரேக் போடும் ‘கவச்’ மிக நல்ல கருவி. 2020இல் அதைத் தேசிய அமைப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். தென்மத்திய ரயில்வேயில் 1,465 கி.மீ. பாதையில் முதலில் வந்தது. ஆனால் கவச்சுக்குச் செய்தி தருவதே இன்டர்லாக்கிங்தான். அதுவே ஏமாந்தால் கவச்சும் பச்சையைப் பச்சையென்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஹொசதுர்கா ரோடு கடிதம் வேறொன்றையும் கண்டித்தது: கோளாறைச் சீக்கிரம் தீர்க்க, முறைப்படி மெமோ எழுதிக் கொடுக்காமல் சிக்னல் பெட்டியைத் திறந்து குறுக்குவழியில் இணைப்பது. வண்டி தாமதமானால் கேள்வி கேட்பவர்கள் பத்துப் பேர். மெமோ எழுதாமல் வேலையை முடித்தால் கேட்பவர் யாருமில்லை. அந்த நெருக்கடியில்தான் குறுக்குவழி பிறக்கிறது. பாலசோருக்குப் பிறகு, சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே அறைகளின் கதவுக்கு இரட்டைப் பூட்டு இருக்கிறதா என்று நாடு முழுவதும் சோதிக்க ரயில்வே வாரியம் உத்தரவிட்டது. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல் ஊழியரிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும்.